யாருடைய மெட்டு

தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினாறு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். ஊசி பிடிக்கும்போது என் கை நடுங்கியதில்லை. நாற்பத்தோராவது வயதில் கிடார் வகுப்பில் சேர்ந்தேன். மூன்று விரலால் தந்திகளை அழுத்தி ஜி கார்டு பிடிக்கும்போது நடுங்கியது.

ஏன் கிடார் என்று எல்லோரும் கேட்டார்கள். லேபுக்கு அடுத்த குறுக்குத் தெருவில் ஒரு மாடியில் அந்த வகுப்பு நடந்தது. சாயங்காலம் வேலை முடிந்து ஸ்ரீரங்கம் பஸ் பிடிக்க நடக்கும்போது மேலேயிருந்து அதே நான்கு கார்டுகள் திரும்பத் திரும்பக் கேட்கும். தப்பும் தவறுமாக வாசிப்பார்கள். தப்பு வந்தாலும் யாரும் நிறுத்தமாட்டார்கள். அதுதான் என்னை இழுத்தது என்று நினைக்கிறேன். என் வேலையில் தப்புக்கு இடமில்லை. டியூபில் பெயரை மாற்றி ஒட்டினால் ஒருவருடைய நோய் இன்னொருவருக்குப் போய்விடும். ஒவ்வொரு டியூபையும் மூன்று தடவை பார்ப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு சில நாட்களில் நான்காவது தடவையும் மனதுக்குள் பார்ப்பேன்.

டீச்சருக்கு இருபத்து நான்கு வயது. பாலக்கரையில் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிற பெண். என்னை அக்கா என்று கூப்பிட்டாள், நான் அவளை மிஸ் என்று கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

முதல் வகுப்பில் அவள் என் இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, நீங்க அதோட கழுத்த நெறிக்கிறீங்க. கிடார் எங்கயும் ஓடிப் போயிடாது."

பிறகு ஒரு பயிற்சி கொடுத்தாள். விரலைத் தந்தியின் மேல் சும்மா வைத்துக்கொண்டு மீட்ட வேண்டும். சத்தம் 'டப்' என்று செத்துப்போய் வரும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே மீட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் ஸ்வரம் தெளிவாக ஒலிக்கும். கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் விரல் இருந்தால் அந்தக் கட்டம் சீக்கிரம் வந்துவிடும்.

"அவ்ளோதான் அக்கா தேவை. அதுக்கு மேல நீங்க அழுத்துறதெல்லாம் பயம்."

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் யாராவது என்னிடம் கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். கட்டை விரல் வலித்தால் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

ஆனால் தெரிந்துகொள்வதும் கை கேட்பதும் வேறு வேறு. இரண்டாவது மாதம் இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயின. எல்லோரும் அதை நல்ல அடையாளம் என்று பாராட்டினார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றோடு வந்திருந்த வயதானவர் ஒருவருடைய முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடினேன். நான் எப்போதும் இடது ஆள்காட்டி விரலால்தான் தொட்டுப் பார்ப்பேன். தோலுக்கு அடியில் மெத்தென்று ஒரு எழும்பல் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. விரல் மரக்கட்டை மாதிரி இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையுறையைச் சரிசெய்வது போல் திரும்பிக்கொண்டேன்.

அன்று வலது கை விரலால் தொட்டுப் பார்த்துச் சமாளித்தேன். பிறகு இரண்டு வாரம் அப்படியே பழகினேன். என் கணவருடைய கை, கூட வேலை பார்க்கிறவர்களுடைய கை என்று கிடைத்த கைகளையெல்லாம் தொட்டு வலது விரலுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எதற்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. கிடார் என் வேலையைத் தின்றுவிடுமோ என்ற பயம் அந்த இரண்டு வாரமும் சோற்றில் கல் மாதிரி கூடவே இருந்தது.

ஆனாலும் விடவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு இருபது நிமிடம். மேல் வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று கிடாரின் அடிப்பக்கத்தில் தந்திகளுக்குக் கீழே ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகிக்கொள்வேன். ஃபோனில் ஒரு நிமிடம் அலாரம் வைத்து, ஈ மைனரிலிருந்து ஜி-க்கு எத்தனை தடவை சுத்தமாக மாற முடிகிறது என்று எண்ணுவேன். முதல் நாள் ஒன்பது. ஒரு மாதம் கழித்து முப்பத்தொன்று. வேறு எந்தப் பயிற்சியும் எனக்கு இவ்வளவு பலன் கொடுக்கவில்லை.

ஆறாவது மாதம் டீச்சர் ஒரு அறிவிப்பு செய்தாள். வகுப்பின் ஆண்டு விழா வரப்போகிறது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம். ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு பாட்டு எழுதிப் பாட வேண்டும். நான்கு வரி போதும். இரண்டு மூன்று கார்டு போதும்.

"சினிமா பாட்டு பாடுனா ஒப்பிட்டுப் பாப்பாங்க. உங்க பாட்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தப்பு விட்டாலும் யாருக்கும் தெரியாது" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் போனது. "நீங்க ஒரு நாளைக்கு அதிகமா சொல்ற வார்த்தை என்னக்கா?" என்று அவள் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க. ரிப்போர்ட் நாளைக்கு வரும். போய் ஏதாவது குடிங்க. ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது இதைச் சொல்கிறேன். அதையே எழுதினேன்.

ஊசி போன இடத்திலே
பஞ்சை அழுத்திப் பிடி
நாளைக்கு வரும் பதிலுக்கு
இன்னைக்கு டீயைக் குடி

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கைதட்டிச் சொல்லச் சொன்னாள். முதலில் மெட்டே வேண்டாம், வெறுமனே பேசுவது போல் சொல்லிக்கொண்டு தட்ட வேண்டும். தமிழில் நெடில் இருக்கும் இடத்தில் ஸ்வரத்தை நீட்டலாம். குறிலைப் பிடித்து இழுத்தால் வார்த்தை வேறு மாதிரி ஆகிவிடும். "நாளைக்கு"வில் 'நா'வை நீட்டினால் அழகு, 'கு'வை நீட்டினால் அசிங்கம். இலக்கணப் பாடத்தில் படித்தது இதற்குத்தானா என்று அன்றைக்குத் தோன்றியது.

மெட்டு வந்தது பஸ்ஸில். சாயங்காலம் காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த நான்கு வரிகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று இரண்டாவது வரியின் கடைசியில் குரல் தானாகக் கீழே இறங்கியது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஃபோனை வாயருகே வைத்துக் கிசுகிசுப்பாகப் பதிவு செய்தேன். பக்கத்து சீட்டு அம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் கிடாரில் தேடிப் பார்த்தேன். ஈ மைனர். ஈ-யை ச என்று வைத்துக்கொண்டால் மெட்டு ப-வில் ஆரம்பித்து நி-யைத் தொட்டுவிட்டு ப-வுக்கே திரும்பியது. அங்கிருந்து ம-வில் கால் வைக்காமல் நேராக க-வில் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது. ச வரைக்கும் போகவில்லை. முடியாமல் முடிகிற மாதிரி. "பிடி" என்ற வார்த்தை அந்த இடத்தில்தான் விழுந்தது. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறவர்களின் மனசு அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. டீச்சர் கேட்டுவிட்டு, "அந்த எடந்தான் அக்கா பாட்டே" என்றாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் பஸ் ஏறியதில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் ஷேவ் செய்துகொண்டே அதை முணுமுணுத்தார்.

"நான் வாசிக்கறத கேட்டுக் கத்துக்கிட்டீங்களா?" என்றேன்.

"எத?"

"இப்ப பாடுனீங்களே."

"இது எங்கயோ கேட்ட பாட்டுதானே."

"இது நான் போட்டது."

அவர் கண்ணாடியிலிருந்து திரும்பினார். முகம் முழுக்க நுரை. "நீயா? இல்லப்பா. ரொம்ப நாளா தெரிஞ்ச மாதிரில்ல இருக்கு."

அவர் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறவர். இசையைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டார். பொய்யும் சொல்லமாட்டார். ஒரு வாரமாகக் கைக்குட்டைக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பழகியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் "ரொம்ப நாளா" என்ற வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

மேல் வீட்டு மாமிக்கு நல்ல சங்கீத ஞானம். அன்று மத்தியானமே அவரிடம் பாடிக் காட்டினேன்.

"சுத்த தன்யாசி ராகத்தோட சாயல்னா இருக்கு" என்றார். "ஆனா நான் கேட்டது கீர்த்தனை இல்லே. வேற எங்கேயோ. பெருமாளை சேவிக்கப் போறச்சே காதுல விழுந்திருக்குமோ என்னமோ. நன்னாத் தெரிஞ்சதுதான், நினைவுக்கு வரமாட்டேங்கறது."

லேபில் என்னோடு வேலை பார்க்கிற பெண் திருவானைக்காவலிலிருந்து வருகிறவள். அவளும் "கேட்ட மாதிரிதான்கா இருக்கு" என்றாள். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்கிற ஃபோன் ஆப்பில் பாடிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டைக் காட்டியது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. கண்டுபிடிக்க முடியாத திருட்டும் திருட்டுதானே. ஊசி குத்தும்போதுகூட அந்த மெட்டு உள்ளே ஓடியது. ஒரு நாள் ஒரு டியூபில் பெயரை எழுதிவிட்டு, சரியாகத்தான் எழுதினேனா என்று ஆறு தடவை பார்த்தேன். அந்தப் பெண்மணி "என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

"அக்கா, அஞ்சே ஸ்வரம். அத வச்சு எத்தனை பேர் எத்தனை வருஷமா பாடியிருப்பாங்க. எங்கயாவது ஒரு எடம் இடிக்கத்தான் செய்யும்" என்றாள். "ஸ்வரம் மட்டும் ஒத்துப்போனா பரவால்ல. தாளமும் சேந்து ஒத்துப்போகுதான்னு பாருங்க. தந்திய மூடிட்டு வெறும் தட்டு மட்டும் தட்டுங்க. பாதி வேகத்துல வார்த்தை இல்லாம முணுமுணுங்க. எங்கேருந்து வந்ததோ அது சில சமயம் அப்பத்தான் ஞாபகத்துக்கு வரும்."

அவளுக்கு அந்த மெட்டு கேட்டதாகவே தோன்றவில்லை. சென்னையிலிருக்கும் என் தங்கைக்கும் தோன்றவில்லை. அது ஏன் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. தட்டிப் பார்த்தேன், முணுமுணுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை லீவு போட்டிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு லோடு ஆட்டோ திரும்பியது. மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"மண்ணச்சநல்லூர் பொன்னி... பழைய அரிசி, இட்லி அரிசி..."

கடைசி "அரிசி" ப-விலிருந்து நேராக க-வில் விழுந்தது. ம-வைத் தொடவில்லை. அங்கேயே நின்றது.

கையிலிருந்த துணி கீழ் வீட்டுக் கூரையில் விழுந்துவிட்டது. நான் அதைக்கூடப் பார்க்கவில்லை. அந்த வண்டி பல மாதங்களாக ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் தெருக்களில் சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது நிச்சயம் கேட்டிருப்பேன். காது என்னைக் கேட்காமலே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. படியிறங்கி ஓடினேன். நான் கீழே போவதற்குள் வண்டி போய்விட்டது.

ஒரு விதத்தில் நிம்மதி. சினிமாப் பாட்டு இல்லை, கீர்த்தனை இல்லை. இன்னொரு விதத்தில் பயம் அதிகமானது. இதுவரை யாருடையது என்று தெரியாமல் இருந்தது. இப்போது அதற்கு ஒரு குரல் இருந்தது, குரலுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார்.

அடுத்த இரண்டு தடவையும் வண்டி நான் இல்லாத நேரத்தில் வந்து போனது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே கேட் பக்கத்தில் நின்றேன். விழாவுக்கு ஆறே நாள். பதினொரு மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுபவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கை காட்டினேன்.

"எத்தனை கிலோம்மா?"

"அரிசி இல்லண்ணே. அந்தக் குரல் யாரோடது?"

அவர் முகம் மாறியது. கையை நீட்டி ஒலிபெருக்கியை அணைத்தார். "ஏன்? சத்தம் அதிகமா இருக்கா? கம்ப்ளெயின்ட் ஏதும் குடுத்துட்டீங்களா?"

"இல்லண்ணே, இல்ல. நல்லா இருந்துச்சு. அதான் கேட்டேன்."

"நல்லா இருந்துச்சா?" அவர் நம்பவில்லை. "எங்க அக்காவோட குரல்மா. போன வருஷம் இப்படித்தான் ரெண்டு பசங்க நல்லாருக்குன்னு சொல்லி வீடியோ எடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் பாத்தா அக்கா குரலுக்கு வாய அசைச்சு, கோணிக்கிட்டு ஆடி, எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. அக்கா ரெண்டு நாள் சாப்புடல. குரல மாத்திடுன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. நான்தான் மாத்தல. வண்டி வருதுன்னு ஜனங்களுக்கு இந்தக் குரல்லதான் தெரியுது."

அந்தப் பையன்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த நிமிடம் என்னால் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். பிறகு அக்காவுக்கு ஃபோன் செய்து, தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"நேர்ல வந்து பாடிக் காட்டச் சொல்லுது. கேட்டுட்டுத்தான் சொல்லுமாம்."

அன்று சாயங்காலமே கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கணவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவர் இருந்தால் எனக்கு இன்னும் தப்பு வரும். நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் மாறி மண்ணச்சநல்லூரில் இறங்கினேன். வழியெல்லாம் ஃபோனில் ஏதும் வந்திருக்கிறதா, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

வீடு ஒரு ரைஸ் மில்லின் பின்பக்கம் இருந்தது. தெரு முழுக்க நெல் அவிக்கிற வாசனை. அந்த அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான உடம்பு. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூச்சுக்கு இழுக்கிற இன்ஹேலர் இருந்தது. தம்பி எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டார்.

"நீங்க ரத்தம் எடுக்கிறவங்களாமே" என்றார் அக்கா. "எனக்கு நரம்பே கெடைக்காது. நாலு தடவ குத்துவாங்க."

"நான் ஒரே தடவைல எடுத்துடுவேங்க்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"பாடுங்க."

ஈ மைனர் பிடித்தேன். விரல் சரியாக அமராமல் ஒரு தந்தி இரைந்தது. மறுபடி வைத்தேன். நான்கு வரியையும் பாடினேன். இரண்டாவது வரியின் கடைசியில் குரல் விழுந்தபோது அவர் கை மார்புக்குப் போனதைப் பார்த்தேன்.

"நான் பாடவே இல்லையேம்மா" என்றார். "ஃபோன் கடையில வச்சு மைக்க குடுத்து சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். இருபது வருஷம் மில்லுல தூசியில கெடந்த உடம்பு. ரெண்டு அரிசி பேரு சொல்றதுக்குள்ள மூச்சு வாங்கிடும். கடைசி அரிசிக்கு மூச்சே இல்ல. அதான் குரல் கீழ விழுகுது. மூணு தடவ எடுத்தும் அப்படியேதான் வந்துச்சு. போதும்னு வச்சுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க அத ராகம்னு நெனச்சுட்டீங்க."

எனக்குச் சிலிர்த்த இடம் அவருக்கு மூச்சு முட்டிய இடம்.

"வேண்டாம்னா பாடலக்கா" என்றேன் கடைசியில்.

அவர் யோசித்தார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. கேலி இல்லன்னு தெரியுது. அந்த பஞ்ச புடிக்கிறது, டீ குடிக்கிறது, அதெல்லாம் நெசம். ஆனா அந்த விழுகுற எடம் மட்டும் வேண்டாம்மா. அத கேட்டா எனக்கு நெஞ்ச அடைக்குது. அத எடுத்துட்டுப் பாடுங்க."

சரி என்றேன். சனிக்கிழமை விழாவுக்கு வரச் சொன்னேன். மூச்சு நன்றாக இருந்தால் வருவதாகச் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில், பாட்டில் இனி என்ன மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வார்த்தை இருந்தது. மற்றபடி ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இதைச் சொன்னதும் டீச்சருக்குக் கோபமே வந்துவிட்டது.

"அந்த எடத்த எடுத்தா பாட்டே இல்லக்கா. யாருக்குத் தெரியப் போகுது? அரிசி விக்கிற குரல் யாருக்கும் சொந்தம் இல்ல."

"நான் சரின்னு சொல்லிட்டேன் மிஸ்."

அவள் கிடாரை எடுத்தாள். பத்து நிமிடம் எதையெதையோ வாசித்துப் பார்த்தாள். பிறகு, "விழாம நின்னா?" என்றாள். ப-விலிருந்து ஒரே படி இறங்கி, நாம் தாண்டிப் போன ம-விலேயே நிற்பது. அடியில் ஈ மைனருக்குப் பதிலாக டி கார்டு. அப்புறம் அடுத்த வரி அங்கிருந்து மெல்ல ச-வுக்கு வருவது. பாடிப் பார்த்தோம். மோசமில்லை. எனக்கு முதலில் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீராக, மரியாதையாக இருந்தது. சிலிர்க்கவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, குரல் கேட்கவில்லை. ஒரு மாதம் விழுந்து பழகிய குரல். முழுப் பாட்டையும் திரும்பத் திரும்பப் பாடினால் பழைய தப்புதான் பலப்படும் என்று டீச்சர் சொன்னாள். ஒட்டுப் போட்ட இடத்தை மட்டும் எடுத்து, அதற்கு முன்னால் இரண்டு ஸ்வரம், பின்னால் இரண்டு ஸ்வரம், அவ்வளவையும் ரொம்ப மெதுவாகப் பத்து தடவை பாட வேண்டும். ஒன்று தப்பினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். வெள்ளிக்கிழமை காலைவரை ஒருமுறைகூட நான் பத்தைத் தொடவில்லை. எட்டாவதில் விழும், ஆறாவதில் விழும். ஒருவேளை அந்த அரிசிக்கார அக்கா விழாவுக்கு வந்து, நான் அவர் முன்னால் அந்த இடத்தில் விழுந்துவிட்டால்? அவர் தன் மார்பைக் கையால் பிடித்துக்கொள்வது கண்ணுக்குள்ளேயே நின்றது.

சனிக்கிழமை ஹாலில் எண்பது பேர் இருந்திருப்பார்கள். நான் ஒன்பதாவது ஆள். முதல் எட்டுப் பேர் பாடியதில் ஒன்றும் காதில் ஏறவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. வராததால் வந்த நிம்மதியை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மேடையில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் தடவை நான்கு வரியும் ஒழுங்காகப் போனது. "பிடி" ம-வில் நின்றது. இரண்டாவது தடவை அந்த இடத்துக்கு வரும்போதே தொண்டை பழைய வழிக்குத் திரும்புவது தெரிந்தது. வண்டி பள்ளத்தைப் பார்த்துப் போவது மாதிரி. வாயை மூடிக்கொண்டேன். வார்த்தை வரவில்லை. ஆனால் வலது கை நிற்கவில்லை, டி கார்டைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு முழு ஆவர்த்தனம் குரலே இல்லை. கண்ணை மூடி நான்கு எண்ணினேன். பிறகு "பிடி" என்று ம-வில் வைத்தேன்.

அடுத்த வரி வந்தது. பாட்டு முடிந்தது. எல்லோருக்கும் தட்டியது போலவே எனக்கும் தட்டினார்கள். அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். என் கணவரும் அப்படித்தான் நினைத்தார். டீச்சருக்கு மட்டும் தெரியும். "கை நிக்காம இருந்துச்சே, அதாங்க்கா ஏழு மாசப் படிப்பு" என்றாள்.

கணவர் எடுத்த வீடியோவை மறுநாள் அரிசி வண்டிக்காரரின் ஃபோனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார்கள் என்று நீல நிற டிக் காட்டியது. பதில் இல்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது. ம-வில் நின்றதுகூட அந்த அக்காவுக்குப் பிடிக்கவில்லையோ, உடம்பு சரியில்லையோ, அல்லது வீடியோ என்றாலே பழைய ஞாபகம் வந்துவிட்டதோ. ரத்தம் எடுக்கிற இடைவெளியிலெல்லாம் ஃபோனைப் பார்த்தேன். ஒருவர் பதிலுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று பதினாறு வருஷமாக நான் கவுன்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு குரல் செய்தி வந்தது. அக்காவே பேசியிருந்தார். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினார்.

"கேட்டேம்மா. தெனமும் கேட்டேன். இப்ப நெஞ்ச அடைக்கல. ஆனா ஏன் அவ்ளோ வேகமாப் பாடுறீங்க? ஊசி போட்டுட்டு ஒருத்தர போங்க போங்கன்னு வெரட்டுற மாதிரி இருக்கு. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."

சாயங்காலம் வீட்டில் வீடியோவை ஓடவிட்டு, ஃபோனில் தாளம் தட்டுகிற மெட்ரோனோமை அதனோடு வைத்துப் பார்த்தேன். வகுப்பில் நிமிடத்துக்கு எழுபது தட்டில் பழகிய பாட்டை மேடையில் தொண்ணூறுக்குப் பக்கத்தில் பாடியிருக்கிறேன். பயத்தில் ஓடியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. மெட்ரோனோமை அறுபதில் வைத்து மறுபடி ஆரம்பித்தேன். அந்த வேகத்தில் கார்டு மாற்ற நிறைய நேரம் இருந்தது, பயப்படவும் நேரம் இருந்தது. மூன்றாவது தடவை பாடும்போது ம-வில் நின்ற அந்த இடம் முதல்முறையாக எனக்குப் பிடித்தது.